லாரி வாங்கின எழுத்தாளர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்போ துருக்கி எழுத்தாளர் சபாஹத்தின் அலி பேரைப் போற போக்குல சொல்லிட்டேன், அவ்வளவுதான், மெயில் பாக்ஸ் நிரம்பிடுச்சு. பாதிப் பேர் "யாரு சார் அவரு"ன்னு கேக்கறாங்க, மீதிப் பேர் "அந்த மடோன்னா நாவல் எழுதினவர்தானே, இன்ஸ்டா ரீல்ஸ்ல அட்டைய பாத்திருக்கேன்"ங்கறாங்க. சரி, இந்த வாரம் சினிமா கேள்விக்கும் அரசியல் கேள்விக்கும் லீவு, முழுக்க அவரேதான்.

கே: சபாஹத்தின் அலி யாருங்க? ரெண்டு நிமிஷத்துல புரியற மாதிரி சொல்லுங்க, பெரிய கட்டுரைல்லாம் படிக்க டைம் இல்ல.
– ஈரோடு வாசகர்

ப: 1907ல பொறந்தார், 1948ல கொன்னுட்டாங்க. நடுவுல 41 வருஷம். அதுக்குள்ள மூணு நாவல், அஞ்சு சிறுகதைத் தொகுப்பு, ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு, ஜெர்மன்லேருந்து மொழிபெயர்ப்புங்க, ஒரு நையாண்டிப் பத்திரிகை, அப்புறம் ஜெயில், கேஸ், மறுபடி ஜெயில்.

பொறந்த ஊரு எக்ரிதெரே. அப்போ அது ஒட்டோமான் சாம்ராஜ்யத்துல இருந்துச்சு, இப்போ பல்கேரியாவுல அர்தினோங்கற பேர்ல இருக்கு. அப்பா ராணுவத்துல கேப்டன், அதனால இஸ்தான்புல், சனக்கலே, எத்ரெமித்னு ஊர் ஊரா வளர்ந்த பையன். டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சு 1927ல வாத்தியார் ஆனார், யோஸ்காத்ங்கற உள்நாட்டு ஊர்ல ஒரு வருஷம் பாடம் எடுத்தார், அப்புறம் அரசாங்கம் ஸ்காலர்ஷிப் குடுத்து ஜெர்மனிக்கு அனுப்புச்சு. போட்ஸ்டாம், பெர்லின் பக்கம். 1928 கடைசில போனவர் 1930லயே திரும்பிட்டார். வந்து பள்ளிக்கூடத்துல ஜெர்மன் சொல்லிக்குடுத்தார். இதுக்கு மேல ரெண்டு நிமிஷம் பத்தாது, கீழ மத்தவங்க கேட்டிருக்காங்க, டைம் கிடைக்கறப்போ படிங்க.

கே: நான் மடோன்னா நாவல் இங்லீஷ்ல படிச்சேன் சார். ராத்திரி மூணு மணி வரைக்கும் உக்காந்து படிச்சு அழுதேன். ஆனா நீங்க அவரை "கிராமத்து ஏழைங்க கதை எழுதினவர்"னு எழுதியிருந்தீங்க. ரெண்டும் ஒரே ஆளா? மத்த புக்கும் இந்த மாதிரி லவ் ஸ்டோரியா இருக்குமா?
– கோவை, கல்லூரி மாணவி

ப: ஒரே ஆளுதாம்மா. லவ் ஸ்டோரியா இருக்குமான்னா, இருக்காது. ஆனா உங்களை அழ வெச்சது லவ் மட்டும்தானான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

படிக்காதவங்களுக்காகக் கதைய கொஞ்சம் சொல்லிடறேன், முழுப் பேரு "ஃபர் கோட் போட்ட மடோன்னா", இங்லீஷ்ல Madonna in a Fur Coat. அங்காரால ஒரு கம்பெனி, அங்க ராயிஃப் எஃபெந்தின்னு ஒரு ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர், வாயே தொறக்காத மனுஷன். ஆஃபீஸ்ல யாரும் அவரை மதிக்கறதில்ல. வீட்ல அவர் சம்பளத்துல பத்துப் பேர் சாப்பிடறாங்க, அங்கயும் மதிப்பு கிடையாது. மேனேஜர் ஹம்தி ஒரு நாள் அவரை எல்லார் முன்னாடியும் கத்திட்டுப் போறான். ராயிஃப் ஒண்ணும் சொல்லல, ஒரு துண்டுப் பேப்பர்ல பென்சிலால என்னமோ கிறுக்கறார். அவன் போனப்புறம் கதை சொல்றவன் எட்டிப் பாக்கறான், நாலஞ்சு கோடுதான், அதுல ஹம்தி அப்படியே இருக்கான், அந்தக் கத்தற வாய், அந்த அல்பத்தனம், எல்லாம். அப்போதான் அவனுக்கு உறைக்குது, இந்த ஆளுக்கு எல்லாமே தெரியுது, தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கான்னு. அதுக்கப்புறம்தான் கறுப்பு நோட்டுப் புக், பெர்லின், கண்காட்சில மாட்டியிருந்த அந்த ஓவியம், மரியா புதர்ங்கற பொண்ணு, நீங்க அழுத பகுதி எல்லாம் வருது.

இப்போ இவரோட "மாட்டு வண்டி"ன்னு ஒரு சிறுகதை, 1936ல வந்த தொகுப்புக்கே அந்தப் பேர்தான். அனதோலியால, அதாவது துருக்கியோட ஆசியப் பக்கத்துல, ஒரு கிராமம், நிலத் தகராறுல ஒரு கிழவியோட பையனைக் கொன்னுடறான் ஒருத்தன். கொன்னவன் வசதியான வீட்டுப் பையன். ஊர்ப் பெரியவங்க வந்து உக்காந்து கிழவிகிட்ட பேசறாங்க, கோர்ட்டு டவுன்ல இருக்கு, நீ எங்க அலையப் போற, போனவன் போயிட்டான், சாட்சி சொல்ல யாரு வருவா, விட்டுடு. கிழவியும் சரின்னுடறா. அதாவது வாயை மூடிக்கறா. ஆனா விஷயம் எப்படியோ வெளில போய் ஜெண்டர்மே, அதாவது கிராமத்துப் பக்கத்துப் போலீஸ், வந்து நிக்கறாங்க, பொணத்த தோண்டி எடு, டவுனுக்குக் கொண்டு வா, டாக்டர் பாக்கணும்ங்கறாங்க. யாரு கொண்டு போறது? அந்தக் கிழவிதான். பெத்த புள்ளையோட பொணத்த மாட்டு வண்டில ஏத்தி, அது நாத்தம் எடுக்குது, வண்டி பக்கத்துலயே நடந்து போறா, ராத்திரில, தனியா. நீதி வேணாம்னு சொன்னாலும் அவ தலைல, வேணும்னு சொல்லியிருந்தாலும் அவ தலைல.

இந்தக் கிழவியும் ராயிஃபும் ஒரே ஜாதிங்கறேன் நான். ஆஃபீஸ்ல கோட்டு போட்டு உக்காந்திருக்கறவனும் காட்டுப் பாதைல வண்டியோட நடக்கறவளும் முழுங்கி முழுங்கியே வாழ்ந்தவங்க, அப்படி முழுங்கறதால லாபம் பாக்கறவன் சுத்தி நாலு பேர் இருக்கான். துருக்கி விமர்சகர்ங்க ரொம்ப நாளா அவர் சிறுகதைங்களத்தான் உசத்தி, மடோன்னா சும்மா ஒரு காதல் கதைன்னு ஓரமா வெச்சிருந்தாங்க, இப்போ படிக்கறவங்க மடோன்னாவ மட்டும் தூக்கி வெச்சுட்டு சிறுகதைங்கள ஓரமாக்கிட்டாங்க. ரெண்டு கூட்டமும் பாதி ஆளைத்தான் பாக்குதுன்னு நினைக்கறேன்.

கே: மரியா புதர் நிஜப் பொண்ணா?
– நெல்லை வாசகர்

ப: பெர்லின்ல அவருக்குப் பழக்கமான பொண்ணை வெச்சுத்தான் எழுதினார்னு துருக்கில ரொம்ப காலமா பேச்சு உண்டு. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்.

கே: சோஷியல் ரியலிசம்னாலே எனக்கு அலர்ஜி. பண்ணையார் கெட்டவன், கூலிக்காரன் நல்லவன், கடைசில செங்கொடி. இவரும் அந்த டைப்தானே? நேர்மையா சொல்லவும்.
– திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: ஐயா, உங்க அலர்ஜில நியாயம் இருக்கு, அந்த மாதிரி சரக்கு உலகம் பூரா நிறைய வந்துச்சு. இவர்கிட்டயும் சில கதைல தட்டையான ஆளுங்க உண்டு, இல்லேன்னு சொல்லல, சில டவுன் பணக்காரங்க எல்லாம் மீசைய முறுக்கறதுக்குன்னே உள்ள வந்த மாதிரி இருக்கும். ஆனா "தார் ரோடு"ன்னு ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ஒரு கிராமத்து வாத்தியார் எழுதி வெச்ச குறிப்பு மாதிரி கதை போகும். புதுசா வந்த இளம் வாத்தியார், ஊருக்கு ரோடு மோசம், மழை வந்தா வண்டி சக்கரம் இறங்கிடும், இவர் விடாம மனு எழுதறார், ஆபீஸ் ஆபீஸா அலையறார், ஊர்க்காரங்களையும் நம்ப வெக்கறார். கடைசில ரோடு வந்துடுது, அதுவும் சாதா ரோடு இல்ல, தார் ரோடு. வந்ததும் உத்தரவு போடறாங்க, இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரம் ஏறினா தார் கெட்டுப் போயிடும், அதனால கிராமத்து வண்டிங்க இதுல வரக்கூடாது. கார் மட்டும் போகலாம். கிராமத்துல கார் யார்கிட்ட இருக்கு? இப்போ பழைய பாதையும் போச்சு, புதுப் பாதைலயும் ஏற முடியாது, ஜனங்க கோவம் எல்லாம் யார் மேல திரும்புது, வாத்தியார் மேல. அவர் ஊரை விட்டே போக வேண்டியதாயிடுது.

இதுல செங்கொடி எங்க இருக்கு? வில்லன்னு கூட ஒருத்தனும் இல்ல. எல்லா அதிகாரியும் ரூல்படிதான் நடக்கறான், ரோடும் நல்ல ரோடுதான். 1923ல குடியரசு வந்தப்புறம் மேலேருந்து கீழ எல்லாத்தையும் நவீனமாக்கணும்னு ஒரு வேகம் இருந்துச்சு, தொப்பி, எழுத்து, சட்டம், எல்லாமே மாறுச்சு, அரபு எழுத்த விட்டு லத்தீன் எழுத்துக்கு 1928ல மாறினாங்க, அந்த வேகம் கிராமத்து வாசல்ல வந்து எப்படி நின்னுச்சுங்கறத அவர் உள்ளேருந்து பாத்தார், ஏன்னா அவரே அந்த அரசாங்கத்து வாத்தியார், அதே அரசாங்கத்து ஸ்காலர்ஷிப்ல படிச்சவர். வெளியாளு எழுதியிருந்தா திட்டா முடிஞ்சிருக்கும்.

அதே மாதிரி "குரல்"னு ஒரு கதை. ரோடு போடற கூலியாள் ஒருத்தன் ராத்திரி வெட்டவெளில சாஸ்ங்கற தந்தி வாத்தியம் வாசிச்சுப் பாடறான், அந்தப் பக்கமாப் போன படிச்ச ஆளுங்க கேட்டு அசந்துடறாங்க, அடடா இப்படி ஒரு குரலா, இவனை அங்காரா இசைப்பள்ளில சேத்துடணும்னு நல்ல எண்ணத்தோடதான் கூட்டிட்டுப் போறாங்க. பெரிய ஹால், பியானோ, எதிர்ல புரொஃபசர்ங்க. அங்க அவன் குரல் எடுபடல. அந்தக் குரல் அந்த வெட்டவெளிக்குப் பொறந்தது, ஹாலுக்கு அளவெடுத்துத் தச்சது இல்ல. ஏழையச் சுரண்டறவன் கதைய யார் வேணா எழுதலாம், ஏழைக்கு நல்லது பண்ணப் போனவன் கதைய இவ்ளோ கூச்சமில்லாம எழுதினவங்க கம்மி.

கே: கவிஞர்னும் சொல்றாங்களே? கவிதை எப்படி?
– புதுச்சேரி வாசகி

ப: கவிதைல ஆரம்பிச்சவர்தான். 1934ல "மலைகளும் காற்றும்"னு அர்த்தம் வர்ற ஒரு தொகுப்பு போட்டார், அதோட கிட்டத்தட்ட நிறுத்திட்டு உரைநடைக்கு வந்துட்டார். அந்தக் காலத்துல நாசிம் ஹிக்மத் துருக்கிக் கவிதைல யாப்பைத் தூக்கிப் போட்டுட்டு படிக்கட்டு மாதிரி வரிய மடக்கி எழுதிட்டு இருந்தார், எல்லா இளைஞனும் அவர் பின்னாடி. ரெண்டு பேரும் பழக்கம் வேற, நாசிம் வேலை பார்த்த ரெசிம்லி ஆய் பத்திரிகைல 1930லயே இவர் கதை வந்திருக்கு. ஆனா கவிதைல இவர் நாசிம் வழிக்குப் போகவே இல்ல, பழைய நாட்டுப்புறப் பாட்டு மெட்டு, அசை எண்ணி எழுதற அந்த முறைலயே எழுதினார். புதுமை இல்லன்னு சொல்லலாம். ஆனா என்ன ஆச்சு பாருங்க, பாட்டு மெட்டுல எழுதினதால நாப்பது வருஷம் கழிச்சு இசையமைப்பாளர்ங்க வந்து அப்படியே எடுத்துக்கிட்டாங்க. சினோப் ஜெயில்ல எழுதின "கவலைப்படாதே மனசே"ங்கற பாட்டைப் பாடகர் எதிப் அக்பாய்ராம் பாடி துருக்கி முழுக்கத் தெரியும். மேல சொன்ன "குரல்" கதைல அந்தக் கூலியாள் பாடறானே, "லெய்லிம் லெய்", அதுக்கு சுல்ஃபு லிவானெலி மெட்டுப் போட்டார், கல்யாண வீட்டுல பாடறான், போராட்டத்துல பாடறான், பாதிப் பேருக்கு எழுதினவர் யாருன்னே தெரியாது, நாட்டுப்புறப் பாட்டுன்னு நினைச்சுட்டுப் பாடறாங்க. ஒரு கவிஞனுக்கு இதை விட என்ன வேணும், சொல்லுங்க. ஹாலுல தோத்துப் போனான்னு எழுதின அதே பாட்டு ஊரெல்லாம் ஜெயிச்சிருக்கு.

கே: துருக்கிக் குடியரச நிறுவின அதாதுர்க்கைத் திட்டிக் கவிதை எழுதி ஜெயிலுக்குப் போனார், அப்புறம் வேலை வேணும்னு அதாதுர்க்கைப் புகழ்ந்து கவிதை எழுதினார்னு படிச்சேன். இது உண்மைன்னா இவர் என்ன புரட்சியாளர்?
– சென்னை வாசகர்

ப: உண்மைதான். முதல்ல 1931லயே ஆய்தின் ஊர்ல வேலை பாக்கறப்போ கம்யூனிஸ்ட் பிரச்சாரம் பண்ணினார்னு பிடிச்சு சில மாசம் வெச்சிருந்தாங்க. அப்புறம் கோன்யால 1932ல ஒரு நண்பர்கள் கூட்டத்துல ஒரு கவிதை படிச்சார், அது அதாதுர்க்கையும் அரசாங்கத்தையும் தாக்குதுன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. ஒரு வருஷம் தண்டனை. கோன்யா ஜெயில், அப்புறம் கருங்கடல் ஓரம் சினோப் கோட்டை ஜெயில். அந்தக் கோட்டைச் சுவத்துல அலை வந்து மோதிட்டே இருக்கும், மேல சொன்ன பாட்டுல அந்தச் சத்தம் வருது. இப்போ அது மியூசியம். 1933 அக்டோபர்ல குடியரசு பத்தாவது ஆண்டு விழாப் பொதுமன்னிப்புல வெளில வந்தார்.

வந்தா வேலை இல்ல. வாத்தியார் வேலை போயிடுச்சு, அரசாங்கத்துகிட்ட கேட்டா, நீ பழைய கருத்த விட்டுட்டேன்னு காட்டுங்கறாங்க. அதுக்காக எழுதினதுதான் "என் காதல்"ங்கற கவிதை, 1934 ஜனவரில வர்லிக் பத்திரிகைல வந்துச்சு. வேலை குடுத்தாங்க, கல்வி அமைச்சகத்துல. அடுத்த வருஷம் அலியேங்கற பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

இதை மறைக்கணும்னு எனக்குத் தோணல, அவரோட அபிமானிங்க சில பேர் இதைத் தாண்டிக் குதிச்சுப் போவாங்க. கவிதை சுமார்தான். ஆனா சார், 26 வயசு, கைல காசில்ல, ஜெயில்லேருந்து வந்தவன்னு எவனும் வேலை தரமாட்டான், எழுதத் தெரிஞ்சவன்கிட்ட எழுதிக் குடுன்னு கேக்கறாங்க. எழுதிக் குடுத்தான். அப்படிக் கிடைச்ச சம்பளத்துல உக்காந்துதான் "மாட்டு வண்டி", "குரல்", முதல் நாவல் "குயுஜாக்லி யூசுஃப்" எல்லாம் 1937க்குள்ள வந்துச்சு, அதுல எதுலயும் யாரையும் புகழல. கேட்டவங்களுக்குக் கூச்சம் இல்ல, எழுதினவன் மட்டும் ஏன் கூசணும்?

கே: "குயுஜாக்லி யூசுஃப்" பத்தி ரெண்டு வரி.
– நாகர்கோவில் வாசகர்

ப: 1903 இலையுதிர் காலம், மழை ராத்திரி, குயுஜாக் கிராமத்துல கொள்ளைக்காரங்க புகுந்து ஒரு புருஷன் பொண்டாட்டியக் கொன்னுட்டுப் போறாங்க, முதல் வாக்கியமே இதுதான். பொணத்துக்குப் பக்கத்துல அழாம உக்காந்திருக்கற பையன்தான் யூசுஃப், விசாரிக்க வந்த அதிகாரி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வளக்கறார். அப்புறம் எத்ரெமித் டவுன், அங்க ஒரு ஃபேக்டரி முதலாளி, அவன் பையன், சூதாட்டக் கடன் ஒண்ணை வெச்சே ஒரு நேர்மையான அதிகாரிய எப்படி மடக்கறாங்கன்னு நிதானமா காட்டுவார். முடிவைச் சொல்ல மாட்டேன். குறை ஒண்ணு சொல்லலாம், அதுல வர்ற முவாஸ்ஸெஸ் பொண்ணு பாவம், எல்லாரும் இழுக்கற பக்கம் போறா, அவளுக்குன்னு ஒரு வாய் குடுத்திருக்கலாம். மரியா புதர்ல அந்தக் கணக்கத் தீத்துட்டார்னு வெச்சுக்கலாம்.

கே: இவர் பத்திரிகை நடத்தி அரசாங்கத்தக் கதற விட்டார்னு சொல்றாங்களே, என்ன கதை அது? கொஞ்சம் விரிவா சொல்லுங்க சார், எங்க ஊர்ல நாங்களும் ஒரு சின்னப் பத்திரிகை நடத்தறோம்.
– தஞ்சாவூர் வாசகர்

ப: வாழ்த்துகள், அச்சுக் கூலி கட்டி முடிச்சுட்டீங்களா?

அவர் 1938லேருந்து அங்காரா அரசு இசைப்பள்ளில வேலை பாத்தார், ஹிட்லருக்குத் தப்பி வந்த கார்ல் எபர்ட்ங்கற ஜெர்மன் நாடக இயக்குநருக்கு உதவியாளர், மொழிபெயர்ப்பாளர். நல்ல வேலை, பிடிச்ச வேலை. 1940ல "நமக்குள்ளே இருக்கும் சாத்தான்" நாவல் வந்துச்சு, அதுல இஸ்தான்புல் அறிவுஜீவிங்களையும் இனவெறி பேசற கூட்டத்தையும் கிழிச்சிருந்தார். நிஹால் அத்சிஸ்னு ஒரு தீவிர இனவாத எழுத்தாளர், ஒரு காலத்துல இவருக்கு நண்பர், அவருக்கு அது சுருக்குன்னு குத்திடுச்சு. 1944ல பிரதமருக்கு பகிரங்கக் கடிதம் எழுதி இவரை தேசத் துரோகின்னார். இவர் மானநஷ்ட வழக்குப் போட்டார், மே 3ந் தேதி விசாரணை அன்னிக்கு அங்காராத் தெருவுல இனவாத இளைஞர்ங்க ஊர்வலம், கலாட்டா. கேஸ்ல ஜெயிச்சது இவர்தான், அத்சிஸுக்கு தண்டனை குடுத்து அதையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. ஆனா இவருக்கு வேலை போச்சு. இன்னிக்கும் துருக்கில ஒரு கூட்டம் மே 3ஐ அவங்க தினமாக் கொண்டாடுது.

இஸ்தான்புல் வந்தார். 1945 டிசம்பர்ல இடதுசாரி "தான்" பத்திரிகை அச்சகத்த ஒரு கும்பல் அடிச்சு நொறுக்குச்சு, அந்த மாதிரி நேரம். அதுக்கு அடுத்த வருஷம், 1946 நவம்பர்ல, நையாண்டி எழுத்தாளர் அசிஸ் நெசினோட சேந்து "மார்கோ பாஷா"ங்கற பத்திரிகைய ஆரம்பிச்சார், பாஷான்னா ஒட்டோமான் காலத்துப் பெரிய மனுஷங்க பட்டம். ரிஃபாத் இல்காஸும் சேந்துக்கிட்டார், கார்ட்டூன் போட்டது மிம் உய்குசுஸ். நாலே பக்கம் நையாண்டி. இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம், விலைவாசி ஏறிக் கெடக்கு, கறுப்புச் சந்தைல சம்பாதிச்சவன் ஒரு பக்கம், ரொட்டிக்கு ரேஷன்ல நின்னவன் ஒரு பக்கம், இதையெல்லாம் பேச வேற பத்திரிகை பயப்படுது. இவங்க பேசினாங்க, பிச்சுக்கிட்டுப் போச்சு, 60,000 காப்பி வரைக்கும் வித்துச்சும்பாங்க, அந்தக் கால துருக்கில பெரிய தினசரிக்கே அது பெரிய நம்பர்.

அரசாங்கம் பறிமுதல் பண்ணும், தடை போடும். இவங்க அடுத்த இதழைப் பேர மாத்திக் கொண்டு வருவாங்க. மர்ஹூம் பாஷா, அதாவது காலமான பாஷா. அப்புறம் மாலும் பாஷா, உங்களுக்கே தெரிஞ்ச பாஷா. பாஷா செத்தாலும் விடமாட்டான்ற மாதிரி. பத்திரிகைல, பறிமுதல் ஆகாத நாள்ல வெளிவரும்னு போட்டுக்கிட்டாங்க, எழுதறவங்க ஜெயில்ல இல்லாத நாள்ல வெளிவரும்னும் போட்டாங்க. கிண்டல்தான், ஆனா விவரமும் அதேதான், ஏன்னா ஆள் மாத்தி ஆள் உள்ள போயிட்டுத்தான் இருந்தாங்க. சபாஹத்தின் அலியும் 1947ல கட்டுரைக்காக சில மாசம் உள்ள இருந்தார்.

அதே 1947ல "கண்ணாடி மாளிகை" கதைத் தொகுப்பு வந்துச்சு, அமைச்சரவையே முடிவெடுத்துத் தடை பண்ணுச்சு. தலைப்புக் கதை சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கும். வேலை செய்யப் பிடிக்காத மூணு சோம்பேறிங்க ஒரு ஊருக்கு வர்றாங்க, அந்த ஊர் நல்லா இருக்கு, ஆனா உங்ககிட்ட கண்ணாடி மாளிகை இல்லயேன்னு கேக்கறாங்க. அது எதுக்குன்னு ஊருக்குத் தெரியல, ஆனா இல்லேன்னா கேவலம் போலன்னு கட்டறாங்க. கட்டினப்புறம் உள்ள உக்காந்தவங்களுக்குச் சோறு போடணும், காவல் வெக்கணும், ஆடு மாடு எல்லாம் மாளிகைக்கே போகுது. எல்லாரும் அதை உடைக்கவே முடியாதுன்னு நம்பறாங்க. கடைசில வெட்டின ஆட்டுத் தலை ஒண்ணு அது மேல போய் விழுந்து, பொலபொலன்னு நொறுங்கிடுது. ஒரு அமைச்சரவை மொத்தமா உக்காந்து இந்தக் கதைக்குத் தடை போட்டுதுன்னா, அவங்களே நாங்கதான் அந்த மூணு பேருன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு இல்லயா.

கே: தலைப்புல லாரின்னு எல்லாம் போட்டிருக்கீங்களே, அவர் எப்படிச் செத்தார்? யார் கொன்னது?
– சேலம் வாசகர்

ப: ஜெயில்லேருந்து வந்தப்புறம் எழுதி சம்பாதிக்க வழியில்ல, எந்தப் பத்திரிகையும் அவர் பேரைப் போடத் தயாரா இல்ல. ஒரு லாரி வாங்கினார், சரக்கு ஏத்தற தொழில். ஜெர்மன் இலக்கியம் மொழிபெயர்த்தவர், நாடகப் பள்ளில வேலை பாத்தவர், 40 வயசுல லாரி ஓனர். நாட்டை விட்டுப் போகணும்னு பாஸ்போர்ட் கேட்டார், தரல. அவர் மேல கேஸு வேற நின்னுட்டு இருக்கு.

1948 மார்ச் கடைசில, எதிர்னே பக்கம் சரக்கு கொண்டு போற மாதிரி லாரில கிளம்பினார். பல்கேரியா எல்லையத் தாண்டிடலாம்னு திட்டம். வழி காட்ட அலி எர்தெகின்னு ஒருத்தன், எல்லைல ஆள் கடத்தறவன், அவனுக்கு உளவுத்துறையோட தொடர்பு உண்டுங்கற பேச்சு அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு. கிர்க்லரெலி மாவட்டத்துல எல்லைக்குப் பக்கத்துல, ஏப்ரல் 2ந் தேதி, தடியால தலைல அடிச்சுக் கொன்னான். பொணம் ஜூன் மாசம்தான் கிடைச்சுது, அடையாளம் தெரியற நிலைல இல்ல. வெளி உலகத்துக்கு விஷயம் தெரிஞ்சதே 1949 ஜனவரில.

கொன்னவன் கோர்ட்ல என்ன சொன்னான் தெரியுமா, அந்த ஆளு தேசத்துக்கு எதிராப் பேசினான், என் தேசிய உணர்வு பொங்கிடுச்சுன்னான். அந்த "உணர்வு"க்காகத் தண்டனையக் குறைச்சு நாலு வருஷம் ஆக்கினாங்க, அதையும் முழுசா அனுபவிக்கல, 1950 பொதுமன்னிப்புல வெளில வந்துட்டான். இவன் ஒத்துக்கிட்டது வெறும் மூடி மறைக்கத்தான், போலீஸ் விசாரணைலயே அவர் செத்துட்டார்னு சொல்றவங்க நிறையப் பேர், நிரூபணம் ஆகல. அவருக்கு இன்னி வரைக்கும் கல்லறைன்னு ஒண்ணு இல்ல, எங்க புதைச்சாங்கன்னே தெரியாது. ஒரு கவிதைக்கு ஒரு வருஷம், ஒரு கொலைக்கு நாலு வருஷம். கணக்கு நான் போடல, கோர்ட் போட்டது.

கே: மனைவி, குழந்தைங்க என்ன ஆனாங்க?
– வேலூர் வாசகி

ப: ஒரே பொண்ணு, ஃபிலிஸ் அலி, 1937ல பொறந்தவங்க. அப்பா காணாம போறப்போ பத்து வயசு. பியானோ படிச்சு, இசை ஆய்வாளரா ஆனாங்க, அய்வாலிக் ஊர்ல ஒரு இசை அகாடமி நடத்தினாங்க. அப்பா கடிதங்க, ஃபோட்டோங்க எல்லாம் பாதுகாத்து வெச்சு வெளில கொண்டு வந்தவங்களும் அவங்கதான். அவருக்கு ஃபோட்டோ எடுக்கற பைத்தியம் உண்டு, குடும்பத்தை அவ்ளோ படம் எடுத்து வெச்சிருக்கார். அலியே அம்மா தனியா நின்னு பொண்ணை வளத்தாங்க.

கே: இவரை மாதிரி துருக்கில வேற யாரைப் படிக்கலாம்? நாசிம் ஹிக்மத் தெரியும், ஓரான் பாமுக் தெரியும், நடுவுல ஒண்ணும் தெரியல.
– மதுரை வாசகர்

ப: நடுவுலதான் ஊரே இருக்கு சார். ஓரான் கெமால், 1914ல ஜெய்ஹான்ல பொறந்தவர், புர்சா ஜெயில்ல நாசிம் ஹிக்மத்தோட இருந்தவர். கவிதை எழுதிட்டு இருந்தவரை, உனக்குக் கதைதான் வரும் போன்னு தள்ளி விட்டது நாசிம்தான். அதனா பக்கத்துப் பருத்தி வயல், மில் தொழிலாளி, டயலாக் எழுதறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல. சபாஹத்தின் அலி வெளிலேருந்து கிராமத்துக்குள்ள போனவர், ஓரான் கெமால் மில்லுலயே வேலை பாத்தவர், அந்த வித்தியாசம் வரிக்கு வரி தெரியும்.

ரிஃபாத் இல்காஸ், மார்கோ பாஷா கூட்டாளி, இவரும் வாத்தியார். 1944ல "வகுப்பு"ன்னு கவிதைத் தொகுப்பு போட்டதுக்கே ஜெயில். அப்புறம் பள்ளிக்கூடப் பசங்க லூட்டிய வெச்சு ஒரு நகைச்சுவை நாவல் எழுதினார், அது சினிமாவாகி துருக்கில அதைப் பாக்காத வீடே இல்ல. யாஷர் கெமால் எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான், 1955ல வந்த "இன்ஜே மெமெத்" முதல் பாகம் படிங்க, மத்த பாகங்க அப்புறம் பாத்துக்கலாம்.

கே: எதுலேருந்து ஆரம்பிக்கறது? எந்தப் பதிப்பு வாங்கறது? ஆன்லைன்ல ஒரே புக்கு இருபது அட்டைல இருக்கு, குழப்பமா இருக்கு.
– ஓசூர் வாசகர்

ப: இருபது அட்டை ஏன்னா, அவர் செத்து 70 வருஷம் முடிஞ்சதால 2019லேருந்து துருக்கில காப்பிரைட் இல்ல. அதுக்கு முன்னாடியே மடோன்னா வருஷக்கணக்கா அங்க பெஸ்ட்செல்லர், லட்சக்கணக்குல வித்துட்டு இருந்துச்சு, ரைட்ஸ் போனதும் பாக்கற பதிப்பகமெல்லாம் அடிச்சு இறக்கிட்டாங்க. உயிரோட இருந்தப்போ பேரைப் போடவே பயந்தாங்க, இப்போ சூப்பர்மார்க்கெட்ல சோப்புப் பக்கத்துல வெச்சு விக்கறாங்க. இங்லீஷ்ல படிக்கறதா இருந்தா மோரீன் ஃப்ரீலியும் அலெக்ஸாண்டர் டாவும் சேந்து பண்ணின மொழிபெயர்ப்பு, 2016ல பெங்குவின்ல வந்தது, அது போதும், சுகமாப் போகும்.

வரிசை கேட்டீங்கன்னா, முதல்ல சிறுகதை, "மாட்டு வண்டி", "தார் ரோடு", "குரல்". அப்புறம் "மாவு மில்"னு ஆரம்ப காலக் கதை ஒண்ணு, மில் ஓனர் பொண்ணுக்கு ஒரு கை இல்ல, அவளை விரும்பற ஜிப்சி கிளாரினெட் வாசிக்கறவன் அவளுக்குச் சமமா ஆகணும்னு தன் கையையே மில்லுக்குள்ள விட்டுடறான், கொஞ்சம் ஓவர்தான், இள வயசுல எழுதினது, ஆனா படிச்சா மறக்காது. அப்புறம் யூசுஃப். மடோன்னாவைக் கடைசிக்கு வெச்சுக்கோங்க. ஏற்கெனவே படிச்சாச்சுன்னா, பெர்லினை விட்டுட்டு முன்னாடி இருக்கற அந்த அங்காராப் பகுதிய மட்டும் இன்னொரு தடவை படிங்க, ராயிஃப் காய்ச்சலோட படுத்திருக்கறப்போ வீட்ல யார் யார் என்ன பேசறாங்க, யார் யார் ரூமுக்குள்ளயே வரலன்னு கவனிச்சுக்கிட்டே.